டயர் சத்தத்தையும் பில்லில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தில் சில வாரங்களுக்கு முன் எஸ்யூவி டயர்கள் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும், விலை என்ன, வண்டிக்கு எது எடுப்பாக இருக்கும் என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தார்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களின் காதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. விட்டுப்போன அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகப் போகும், இடம் இருந்தால் போடுங்கள்.

நான் கீழக்கரைக்காரி. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார், இங்கே வண்டி ஓட்டுவது நான்தான். 2017இல் வாங்கிய மஹிந்திரா எக்ஸ்யூவி 500. அதில் அதிகம் பயணம் செய்பவர் என் உம்மா. அவருக்கு 71 வயது, இரண்டு காதிலும் மெஷின் மாட்டியிருக்கிறார், மாதம் ஒருமுறை மதுரையில் இதய மருத்துவரிடம் காட்ட வேண்டும். ராமநாதபுரம், பரமக்குடி, திருப்புவனம் என்று போய்த் திரும்ப ஐந்து மணி நேரத்துக்கு மேல் வண்டியிலேயே இருப்போம். வீட்டில் பிள்ளைகள், அடுப்பு, வருவோர் போவோர் என்று ஓடிக்கொண்டே இருக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் உட்கார்ந்து பேச வாய்க்கிற நேரம் அந்த ஐந்து மணி நேரம்தான். உம்மா அவருடைய சின்ன வயதுக் கதைகளை, வாப்பா இருந்த காலத்துக் கதைகளை அந்தப் பயணத்தில்தான் சொல்வார்.

2021இல் டயர் மாற்றினோம். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். கம்பெனியில் இருந்து வந்த டயர் 48 ஆயிரம் கிலோமீட்டர் ஓடி மொட்டையாகும் நிலைக்கு வந்திருந்தது. ஒரு கடைக்குப் போனேன் (எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம்). கடைக்காரர் பெரிய பட்டன் (ரோட்டைத் தொடுகிற ரப்பர் கட்டி) வைத்த டயரைக் காட்டினார். "அக்கா, உங்க வண்டிக்கு இதுதான் கம்பீரம், கடற்கரை மணல்ல இறக்கினாலும் மாட்டாது, கருவமுள்ளும் ஏறாது" என்றார். எனக்கு அப்போது டயரில் வகை இருக்கிறது என்பதே தெரியாது, அளவு சரியாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். நான்கையும் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். முதல் மதுரைப் பயணத்திலேயே 60ஐத் தாண்டியதும் அடியில் இருந்து ஒரு ரீங்காரம் கிளம்பியது. 80இல் அது ஒரே சுருதியில் உம்ம்ம் என்று நின்றது. நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிப் பார்த்தேன். உம்மா பதில் சொல்லவில்லை. பரமக்குடி தாண்டியபோது கண்ணாடியில் பார்க்கிறேன், இரண்டு மெஷினையும் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

காது மெஷின் மாட்டியவர்கள் வீட்டில் இருந்தால் உங்களுக்கு இது புரியும். மெஷின் பேச்சை மட்டும் பிரித்து எடுத்துக் கொடுப்பதில்லை, சுற்றியிருக்கிற இரைச்சலையும் சேர்த்துத்தான் ஏற்றிக் கொடுக்கிறது. இப்போது வருகிற மெஷின்கள் இரைச்சலைக் குறைக்கப் பார்க்கின்றன, ஆனாலும் ஓடுகிற வண்டிக்குள் விடாமல் கேட்கிற ரீங்காரம் பேச்சோடு பின்னிக்கொண்டுதான் வரும். நமக்கு அது ஒரு சின்னத் தொந்தரவு. அவருக்கோ தலைக்குள் யாரோ மாவு அரைக்கிற மாதிரி. நான்கு வருடம் அந்த டயரோடு ஓட்டினேன். நான்கு வருடம் உம்மா மதுரைக்குப் பேசாமல் போய்ப் பேசாமல் வந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இடையில் இன்னொரு செலவும் வந்தது. 2023 வாக்கில் சத்தம் இன்னும் கூடியது. ஒரு பட்டறையில் வீல் பேரிங் போய்விட்டது என்றார்கள், முன்னால் இரண்டு பேரிங்கையும் மாற்றினார்கள், சத்தம் அப்படியே இருந்தது. அப்புறம் மதுரையில் அலைன்மென்ட் (சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று) பார்க்கிற ஒரு பெரியவர் வண்டியைத் தூக்கி, பின் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவினார். "நீயே தடவிப் பாரும்மா" என்று என் கையையும் வைக்கச் சொன்னார். ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பாக இருந்தது, திருப்பித் தடவினால் ரம்பம் மாதிரி கையில் இடறியது. ஒவ்வொரு பட்டனும் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து பல்லுப்பல்லாக நின்றது. டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போடாமலே ஓட்டியதாலும், அலைன்மென்ட் விலகியிருந்ததாலும் வந்தது என்றார். முன்சக்கர இழுவை வண்டிகளில் பின் டயருக்கு இது சீக்கிரம் வருமாம். ஒரு தடவை பல் விழுந்துவிட்டால் அலைன்மென்ட் செய்தாலும் சத்தம் உடனே போகாது.

அவர் சொல்லித்தந்த ஒரு சோதனையை உங்கள் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பேரிங் காசு மிச்சமாகட்டும். ஓடும்போது ரோடு மாறினால் சத்தம் மாறுகிறதா என்று கவனியுங்கள். சொரசொரப்பான ரோட்டில் கூடி, புதுத் தாரில் குறைந்தால் அது டயராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ரோடு எப்படி இருந்தாலும் ஒரே மாதிரி இருந்து, நீண்ட வளைவில் திரும்பும்போது மட்டும் கூடியோ குறைந்தோ கேட்டால் பேரிங்கைப் பாருங்கள்.

அதற்கப்புறம்தான் நான் டயரைப் பற்றிப் படிக்கவும் கேட்கவும் ஆரம்பித்தேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே அதுவரை தெரியாது. டயரின் பட்டன் ஒவ்வொன்றும் ரோட்டில் வந்து அறைகிறது, அது ஒரு சத்தம். பட்டன்களுக்கு நடுவே இருக்கிற பள்ளத்தில் காற்று சிக்கி நசுங்கி வெளியே பீறிடுகிறது, உள்ளங்கையைக் குவித்துக் கை தட்டினால் டப் என்று வருமே, அதே கதைதான், விநாடிக்கு நூற்றுக்கணக்கில். எல்லாப் பட்டனும் ஒரே அளவில் இருந்தால் எல்லா டப்பும் ஒரே இடைவெளியில் விழுந்து ஒரே சுருதியாகச் சேர்ந்துவிடும், காதைத் துளைப்பது அதுதான். நல்ல டயர் செய்கிறவர்கள் பட்டனின் நீளத்தைச் சின்னது, பெரியது, நடுத்தரம் என்று கலைத்து வைக்கிறார்கள். சத்தம் அப்போதும் உண்டு, ஆனால் சுருதி சேராமல் சிதறிப்போவதால் காற்று வீசுகிற இரைச்சல் மாதிரிதான் கேட்கும். டயருக்குள் அடைபட்டிருக்கிற காற்றும் பானைக்குள் ஊதினால் முழங்குகிற மாதிரி முழங்கும், கரடுமுரடான ரோட்டில் அது 200 ஹெர்ட்ஸ் வாக்கில் கேட்கும். அதைக் குறைக்கத்தான் சில விலையுயர்ந்த டயர்களில் உள்ளே நுரைப்பஞ்சு ஒட்டி விற்கிறார்கள். நம் பக்கத்துக்கு அது தேவையா என்றால் தேவையில்லை என்றுதான் சொல்வேன், கருவமுள் ஏறிப் பஞ்சர் ஒட்டும்போது அந்தப் பஞ்சை வெட்டி எடுக்க வேண்டும், அதைப் பக்குவமாகச் செய்கிற கடையைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

சரி, வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? முதலில் வகை. எஸ்யூவி டயரின் பெயரோடு எச்டி, ஏடி, எம்டி என்று எழுத்துகள் வரும், சில நிறுவனங்கள் எச்/எல் என்றும் போடுவார்கள். எச்டி என்பது தார் ரோட்டுக்கு, எம்டி சேறு சகதிக்கு, ஏடி இரண்டுக்கும் நடுவில். ஒரே பெயரில் எல்லா வகையும் வரும் என்பதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். அப்போலோ ஆப்டெராவில் எச்டியும் உண்டு, ஏடியும் உண்டு. பிரிட்ஜ்ஸ்டோன் டியூலரிலும் யோகோஹாமா ஜியோலாண்டரிலும் அப்படியே. "ஜியோலாண்டர் போட்டேன், ஒரே சத்தம்" என்று ஒருவர் சொல்வார், "ஜியோலாண்டர் போட்டேன், சத்தமே இல்லை" என்று இன்னொருவர் சொல்வார், இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள், பின்னால் இருக்கிற எழுத்துதான் வேறு. எனக்கு 2021இல் மாட்டிவிட்டது ஏடி. கடைக்காரர் அந்த எழுத்தை வாயால்கூடச் சொல்லவில்லை.

மணலில் இறங்க ஏடி வேண்டாமா என்று எங்கள் ஊரிலேயே கேட்கிறார்கள். வேண்டியவர்களுக்கு வேண்டும். கரைக்குப் போய் மீன்பெட்டி ஏற்றுகிறவர்கள், உப்பளத்துக்குள் போய்வருகிறவர்கள், வண்டிப்பாதையே தொழிலாக இருப்பவர்கள் ஏடி போடுவதுதான் சரி. ஆனால் என்னைப் போல வீட்டுக்கு வண்டி வைத்திருப்பவர்கள் வருடத்தில் எத்தனை நாள் மணலில் இறங்குகிறோம்? தனுஷ்கோடிக்கே 2017இல் இருந்து அரிச்சல்முனை வரை தார் ரோடு இருக்கிறது. ஏர்வாடி, சேதுக்கரை, தேவிபட்டினம், தொண்டி எங்கே போனாலும் தார் ரோடுதான். வருடத்தில் இரண்டு நாள் மணலுக்காக மற்ற நாளெல்லாம் ரீங்காரத்தைச் சுமப்பது என்ன நியாயம்? கருவமுள் ஏறாது என்று சொன்னதும் பொய்யாகத்தான் போனது. நான்கு வருடத்தில் ஆறு பஞ்சர், நான்கு சீமைக்கருவேல முள்ளால். காய்ந்த கருவமுள் ஆணி மாதிரி, எந்தப் பட்டன் பள்ளத்தில் குத்தினாலும் உள்ளே போய்விடும்.

இந்த முள்ளுக்குப் பயந்து நம் மாவட்டத்தில் நிறையப் பேர் டயருக்குள் பஞ்சர் ஜெல் ஊற்றுகிறார்கள். அவசரத்துக்குச் சரி. நிரந்தரமாக ஊற்றி வைத்தால் அது ஒரு பக்கமாகத் தேங்கி வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும், பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது) நிற்காது, சில ஜெல் ரிம்மையும் அரித்துவிடும். பஞ்சர் ஆனால் டயரைக் கழற்றி உள்ளேயிருந்து காளான் பேட்ச் (காம்போடு காளான் வடிவில் இருக்கும் ஒட்டு) ஒட்டிக்கொள்வது நல்லது, அதுவும் ரோட்டைத் தொடுகிற பாகத்தில் இருந்தால் மட்டும். பக்கச்சுவரில் குத்தியிருந்தால் ஒட்டவே கூடாது.

அடுத்தது அளவு. என் வண்டிக்கு 235/65 ஆர்17. 235 என்பது மில்லிமீட்டரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 17 ரிம்மின் அங்குலம். அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 153 மில்லிமீட்டர் ரப்பர் சுவர் நிற்கிறது. குழி, வேகத்தடை, பாலத்து இணைப்பு எல்லாவற்றிலும் அடியை முதலில் வாங்குவது அந்தச் சுவர். எடுப்பாக இருக்கும் என்று 18 அங்குல அலாய் போட்டு 235/60 ஆர்18 மாட்டினால் டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான், ஆனால் சுவர் 141 ஆகிவிடும். 12 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், முதுகுவலிக்காரர்களைப் பின் சீட்டில் உட்காரவைத்துப் பாம்பன் பாலம் தாண்டிப் பாருங்கள். 1988இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஒவ்வொரு இணைப்பிலும் டொக் டொக் என்று விழும். டயர் மெத்தென்று இருக்கிறதா, விறைப்பாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. ரிம் அளவைக் கூட்டாதீர்கள், சொகுசுதான் முக்கியம் என்றால் கம்பெனி கொடுத்த அளவிலேயே நில்லுங்கள்.

அளவுக்குப் பின்னால் 104எச் என்பது மாதிரி ஒன்று இருக்கும். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. இதில் குறைக்கக் கூடாது. ஏழு பேரும் மூட்டையும் ஏறுகிற வண்டி, அந்த எண் குறைந்த டயரை விலை மலிவு என்று மாட்டினால் சூட்டில் வெடிக்கலாம். அதற்காகத் தேவைக்கு மேல் கூட்டவும் வேண்டாம், எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்குவது) என்று போட்ட டயரின் பக்கச்சுவர் பொதுவாக விறைப்பாக இருக்கும், வண்டி செய்த கம்பெனி கேட்காத இடத்தில் அது எதற்கு?

அப்புறம் தேதி. இதில்தான் நான் இன்னொரு தடவை ஏமாந்தேன். டயரின் சுவரில் நான்கு இலக்கம் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2021இல் புதுசு என்று எனக்குக் கொடுத்த டயரில் 1119 என்று இருந்தது, 2019ஆம் ஆண்டின் 11ஆவது வாரம். இரண்டு வருடத்துக்கு மேல் எங்கேயோ கிடந்த டயர். நிழலில் முறையாக வைத்திருந்தால் பெரிய கெடுதல் இல்லை என்பார்கள், ஆனால் நம் பக்கத்து வெயிலில், தகரக் கொட்டகையில் எப்படிக் கிடந்ததோ யாருக்குத் தெரியும்? வெயிலும் வெப்பமும் ரப்பரை இறுக்குகின்றன, இறுகின ரப்பர் சத்தம் போடும், மழையில் வழுக்கும். சில டயரில் தேதி ஒரு பக்கம்தான் இருக்கும், அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிவிட்டால் வண்டிக்கடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் ரிம்மில் ஏற்றும் முன்னாலேயே நான்கு டயரையும் உருட்டச் சொல்லிப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள். ஓடாமல் கிடந்தாலும் அதற்கும் வயதாகிறது. ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடம் ஒருமுறை சோதிக்கச் சொல்கிறார்கள் பெரிய தயாரிப்பாளர்கள், பத்து வருடம் ஆகிவிட்டால் பட்டன் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடச் சொல்கிறார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 10 ஆயிரம் ரூபாய் டயர் என்றால் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம், நான்குக்கு நான்காயிரம். அதற்காகவே காத்திருந்து அக்டோபரில் மாற்றினேன். இந்தத் தடவை எச்டி, கம்பெனி அளவு, அதே 104, நான்கு மாதத்துக்குள் தயாரானது. என்ன பிராண்டு என்று எழுதவில்லை. ஏனென்றால் ஒரே மாடலிலும் அளவு மாறினால் சத்தம் மாறும், என் வண்டிக்குச் சரியாக இருப்பது உங்கள் வண்டிக்கு அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. கடையில் நான்கையும் பேலன்சிங் செய்து, அலைன்மென்ட் பார்த்து, உப்புக்காற்றில் பூத்துப்போயிருந்த ரிம் ஓரத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து ஏற்றச் சொன்னேன். கடலோரத்தில் இருப்பவர்கள் இந்தக் கடைசி வேலையைக் கேட்டு வாங்குங்கள். ரிம் ஓரம் பூத்திருந்தால் டயர் சரியாக உட்காராது, தெரியாமலேயே வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்கும், காற்று குறைந்தால் ஓரம் தேயும், ஓரம் தேய்ந்தால் திரும்பவும் சத்தம்.

காற்று விஷயம் ஒன்று. பங்கில் பையன்கள் கேட்காமலே 40 பிடித்துவிடுகிறார்கள், டயர் கல்லு மாதிரி ஆகிவிடுகிறது, எவ்வளவு நல்ல டயர் வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கிற அட்டையில் உள்ள அளவை, காலையில் வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது பிடிக்க வேண்டும். ஓடிச் சூடானால் அளவு ஏறிக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கவும் கூடாது. நைட்ரஜன் போட்டால் சத்தம் குறையும் என்பதை நம்பாதீர்கள், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

புது டயரோடு போன முதல் மதுரைப் பயணத்தில் திருப்புவனம் வரைக்கும் நான் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். உம்மா மெஷினைக் கழற்றவில்லை. பின்னால் இருந்து அவராகவே, "வாப்பா அந்தக் காலத்துல இந்த ஊருக்கு முத்து யாவாரத்துக்கு வந்திருக்காக தெரியுமா" என்று ஆரம்பித்தார். எனக்கு ரோடு மங்கிவிட்டது, வண்டியை ஓரமாக நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போது உங்களிடமும் அரசாங்கத்திடமும் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். டயர் சத்தத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 2022 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, உருளும்போது டயர் கொடுக்கிற தடை, ஈரத்தில் பிடிப்பு, உருளும் சத்தம் ஆகிய மூன்றுக்கும் டயர்கள் தரம் காட்ட வேண்டும் என்று அறிவித்தது. அப்படியென்றால் தயாரிப்பாளர்களிடம் ஒவ்வொரு டயருக்கும் சத்த அளவு ஒரு எண்ணாக இருக்கத்தானே வேண்டும்? அந்த எண்ணை நான் ஏறி இறங்கின எந்தக் கடையிலும் சொல்லத் தெரியவில்லை, சுவரில் ஒட்டியும் வைக்கவில்லை. ஐரோப்பாவில் 2012 நவம்பர் முதலே ஒவ்வொரு கார் டயரிலும் ஒரு லேபிள் ஒட்டி விற்கிறார்கள், எரிபொருள் சிக்கனம், மழைப் பிடிப்பு, டெசிபலில் சத்தம் மூன்றும் அதில் இருக்கும், 2021இல் இருந்து சத்தத்துக்கு ஏ, பி, சி என்று வகுப்பும் போடுகிறார்கள். மூன்று டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிறது என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே சொல்வார்கள். 69 என்று எழுதிய டயரும் 72 என்று எழுதிய டயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்னைப் போன்றவர்கள் எதை எடுப்போம்?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த எண் வண்டிக்கு வெளியே எடுக்கிற அளவு. இன்ஜினை அணைத்துவிட்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் உருளவிட்டு, ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து எடுக்கிறார்கள். வண்டிக்குள் கேட்கிற சத்தம் வண்டியைப் பொறுத்து, ரோட்டைப் பொறுத்து மாறும். அதனால் அந்த எண் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றும் தெரியாமல் கடைக்காரர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி வாங்குவதற்கு அது எவ்வளவோ மேல். அதோடு வெளியே கேட்கிற சத்தமும் சும்மா விட வேண்டிய விஷயம் இல்லை, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வீடு வைத்திருப்பவர்கள் ராத்திரி முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். பில்லில் இப்போது பிராண்டும் அளவும் தொகையும் மட்டும் எழுதுகிறீர்கள். கூடவே அது எச்டியா ஏடியா, தயாரான வாரமும் வருடமும் என்ன, தயாரிப்பாளர் கொடுக்கிற சத்த அளவு எவ்வளவு என்று ஒரு வரி எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். சத்த அளவு தெரியாவிட்டால் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள், நான்கு பேர் கேட்டால் அவர்களும் அனுப்பித்தான் ஆக வேண்டும். டயர் தொழிற்சாலைகள் நம் ஒரகடத்திலும் அரக்கோணத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பெரம்பலூர் பக்கத்திலும் இருக்கின்றன, எங்கேயோ கடல் தாண்டி எழுதிக் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் வாகனப் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை டயரையோ வண்டியையோ ஓட்டிப் பார்த்து எழுதும்போது ஓட்டுகிறவரை மட்டும் கேட்காதீர்கள். பின் சீட்டில் காது மெஷின் மாட்டிய ஒரு பெரியவரை உட்காரவையுங்கள், 80இல் போகும்போது முன் சீட்டில் இருந்து சாதாரணக் குரலில் ஒரு கேள்வி கேளுங்கள், பதில் வந்ததா இல்லையா என்று எழுதுங்கள். மெஷின் மாட்டியவர் கிடைக்காவிட்டால் சொல்லி அனுப்புங்கள், என் உம்மா வருவார். நான் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், சரி என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கீழக்கரை, ராமநாதபுரம் மாவட்டம்.